பெரியப்பா பொய் சொல்லவில்லை

அறுபதைத் தாண்டிய நாம் நாலு பேர் சேர்ந்தால் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுகிறோம், சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம், பிள்ளைகள் இருக்கிற நாட்டில் இப்போது மணி என்ன என்று பேசுகிறோம். மறதியைப் பற்றிப் பேசும்போது மட்டும் சிரிக்கிறோம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடிய கதை ஆளுக்கொன்று இருக்கிறது. அதில் தப்பில்லை, நானும் சிரிப்பேன். ஆனால் சிரிக்காமல் பார்க்க வேண்டிய மறதி ஒன்றும் உண்டு. அது எங்கள் வீட்டுக்குள் வந்தபோது எனக்குப் பத்து வயது. வீட்டிலிருந்த பெரியவர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் ஏதோ தெரிந்திருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில், வாய்க்கால் போய் முடிகிற இடத்தில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் மேலே இருக்கிறவர்கள் எல்லோரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்கு வரும். வந்தால் வந்தது. வீட்டில் ஒரே அடுப்பு. பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகள். அப்பா, அம்மா, நான். பெரியப்பாவின் மகளை எல்லோரும் பெரியபாப்பா என்பார்கள், என்னைச் சின்னபாப்பா. எனக்கு அவள் அக்கா. அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். நிலம் பொதுவில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது முழுக்கப் பெரியப்பா.

அந்த வருடம் தண்ணீர் மிகவும் தாமதம். சீக்கிரம் விளைகிற குறுவைக்கென்று வாங்கி வைத்திருந்த விதைநெல்லைப் போட முடியாமல் பத்தாயத்திலேயே வைத்துப் பூட்டினார்கள். அதே பத்தாயத்தின் அடுத்த தடுப்பில் சம்பா விதை இருந்தது. பத்தாயம் என்பது ஆள் உயரத்துக்கு மேல் மரத்தில் செய்த நெல் பெட்டி. எங்கள் வீட்டில் கூடத்தையே பாதி அடைத்துக்கொண்டு நின்றது. அதன் சாவி பெரியப்பாவின் இடுப்பில்தான் எப்போதும் இருக்கும்.

ஆடி கடைசியில் ஒருவழியாக வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முதல் தண்ணீரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சருகும் நுரையும் செத்த பூச்சிகளும் முன்னால் வரும், அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் தண்ணீர் மெல்ல ஊர்ந்து வரும். வெடித்துக் கிடந்த மண் அதைக் குடிக்கிறபோது கொப்புளம் விடுகிற சத்தம் கேட்கும். பள்ளிக்கூடம் போகும் முன் பெரியப்பாவோடு வயலுக்குப் போய்வருவது எனக்குப் பிடித்த வேலை. அவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார். நான் பின்னால் நண்டு பார்த்துக்கொண்டே போவேன்.

வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடம் ஒன்று. அங்கே வந்ததும் ஒருநாள் பெரியப்பா நின்றார்.

"பாப்பா, நம்ம வயலு எந்தப் பக்கம்?"

வாத்தியார் கேட்கிற மாதிரி என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். கிழக்கே கையைக் காட்டினேன். "சரி" என்று நடந்தார். இரண்டொரு நாள் கழித்து அதே இடத்தில் அதே கேள்வி. இந்தத் தடவை வேண்டுமென்றே மேற்கே காட்டினேன். அவர் மேற்கே திரும்பி நடக்க ஆரம்பித்தார். நான் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு ஒரு கணம் பிந்தியது.

இன்னொரு நாள் மடையில் குனிந்து நின்றுகொண்டு, பின்னால் கையை நீட்டினார். "அதை எடு பாப்பா."

"எதை?"

"அதான்... மண்ணு வெட்டுறது."

மம்பட்டி என்ற சொல் அவருக்கு வரவில்லை. ஐம்பது வருடம் தோளில் சுமந்த பொருள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பெரியம்மா அதுவரை ஆண்கள் இருக்கிற இடத்துக்கு வராதவர். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். அந்தப் பருவத்தில் அவர் மாறிப்போனார். பெரியப்பா எங்கே போனாலும் கூடவே போனார். தெருவில் யாராவது எதிரே வந்தால், அவர்கள் வாய் திறக்கும் முன், "ரைஸ்மில் அண்ணன் வர்றாங்க பாருங்க" என்பார். யாராவது பெரியப்பாவிடம் ஏதாவது கேட்டால் இவரே பதில் சொல்லிவிடுவார். முறைத்தண்ணீரைப் பற்றி ஊர்க்கூட்டம் போட்டபோது பெரியப்பா போகவில்லை. அவர் இல்லாமல் அந்தக் கூட்டம் நடந்ததே கிடையாது. "பொண்ணுக்குப் பெரிய இடத்துல பேசுறாங்க இல்ல, அந்தத் தலைக்கனம்" என்று சிலர் சொன்னார்கள். "அந்தம்மா புருஷன் வாயைக் கட்டிப்புடுச்சு" என்று மற்றவர்கள் சொன்னார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

"வயசான காலத்துல அக்காவுக்கு அதிகாரம் பண்ணிப் பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரியப்பாவுக்கு ஒரு தவிப்பு வரும். கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். "தண்ணி வந்துடுச்சா?" என்பார். "வந்துடுச்சுங்க" என்பார் பெரியம்மா. கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். பெரியம்மா அதே குரலில் அதே பதிலைச் சொல்வார். முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வார். அந்தப் பொறுமையை நான் இன்னொருவரிடம் பார்த்ததில்லை.

பெரிய இடம் என்று ஊர் சொன்னது வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருந்த குடும்பத்தை. அக்காவைப் பெண் பார்க்க ஆவணியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கனத்த உடம்புக்காரர், கலகலப்பானவர். அப்பா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். கூடத்தில் ஜமக்காளம் விரித்து உட்கார வைத்தார்கள். அம்மா செய்த சொஜ்ஜி வாசனையோடு அக்காவின் மல்லிகைப்பூ வாசனையும் சேர்ந்து வீடே வேறு மாதிரி இருந்தது.

"உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று பெரியப்பா பேச்சை ஆரம்பித்தார்.

"வேதாரண்யங்க. உப்பளம் இருக்கு."

"அப்படிங்களா. இந்த வருஷம் உப்பு எப்படி?"

"மழை பிந்திப்போச்சுல்ல, எங்களுக்கு நல்ல விளைச்சல். உங்களுக்குக் கஷ்டம் எங்களுக்கு லாபமாப் போச்சுங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

பெரியப்பாவும் சிரித்தார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, "உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் தயங்கி, "வேதாரண்யங்க" என்றார்.

அப்பா பேச்சை நகைநட்டுக்குத் திருப்பினார். அது முடிவதற்குள் பெரியப்பா மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அப்போது பெரியம்மா காபித் தட்டோடு கூடத்தின் நடுவே வந்து நின்றார்.

"அவங்களுக்கு ரெண்டு நாளா காது அடைச்சிருக்குங்க. தண்ணியில நின்னு நின்னு சளி புடிச்சிட்டுது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

"அட, அதுதானா" என்று அந்த மனிதர், தெருவுக்கே கேட்கும்படி "வேதாரண்யம்!" என்றார். வீடு சிரித்தது. பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

பெரியப்பாவுக்குக் காது எவ்வளவு கூர்மை என்று எனக்குத் தெரியும். மடையில் தண்ணீர் குறைந்தால் அவர் வீட்டிலிருந்தே சொல்வார் என்று ஊரில் பேச்சு. கொல்லையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் போய், "பெரியப்பாவுக்கு நல்லாக் காது கேக்குமே பெரியம்மா" என்றேன். அவர் ஈரக்கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யார்கிட்டயும் சொல்லாத பாப்பா. என்ன?"

தலையாட்டினேன். எதைச் சொல்லக் கூடாது என்பதே எனக்குப் புரியவில்லை.

அதே மாதத்தில்தான் நாற்றுவிட விதை ஊறப்போட்டார்கள். பெரியப்பா பத்தாயத்தைத் திறந்து அளந்து கொடுத்தார். முளைகட்டி, நாற்றங்காலில் தெளித்து, பறித்து, நட்டு எல்லாம் முறைப்படி நடந்தது. பயிரும் நன்றாகவே வந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒருநாள் பஸ்ஸில் வந்த பக்கத்து ஊர்க்காரர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார்: "என்ன சார், ஊரெல்லாம் பச்சையா நிக்குது, உங்க வயல் மட்டும் பழுத்து நிக்குதே?"

அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நேராக வயலுக்குப் போனார். விவசாயம் தெரியாதவருக்கும் புரிகிற விஷயம் அது. சம்பா தை மாதத்தில்தான் அறுப்புக்கு வரும். மழைக்காலத்தின் நடுவில் பழுத்தால் அது குறுவை நெல். விதை மாறியிருந்தது.

"அண்ணே, எந்த விதையை ஊறப்போட்டீங்க?"

"சம்பாதான்."

"சம்பா கார்த்திகையில எப்படிண்ணே பழுக்கும்?"

"நான் சம்பாதான் போட்டேன். ஆபீசுல ஒக்காந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்?"

அப்பாவின் முகம் சுருங்கியது. அண்ணன் தவறு செய்தார் என்பது அவரை வருத்தவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்கிறார் என்பதுதான் வருத்தியது. நல்ல விதையைக் கல்யாணச் செலவுக்கு விற்றுவிட்டு, இருந்ததைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார் என்று அப்பா முடிவுக்கு வந்தார். அப்படி நினைக்காமல் இருக்க வேறு காரணம் அவருக்குத் தெரியவில்லை.

அந்த நெல்லை அறுக்க முடியவில்லை. மழை விடாமல் அடித்தது. பயிர் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்தது. கதிரிலேயே நெல் முளைத்துப் பச்சையாக மயிர் மாதிரி நின்றது. வைக்கோல் அழுகுகிற நாற்றம் வாசல் வரைக்கும் வந்தது. வயல் வைத்திருந்த வீட்டில் அந்த வருடம் கடையில் அரிசி வாங்கினோம். பெரியப்பா சாயங்காலத்தில் முன்போலவே வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார். கேள்வி மட்டும் மாறியிருந்தது. "அறுப்பு எப்ப?" என்று கேட்டார். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

மார்கழியில் பத்தாயச் சாவி தொலைந்தது.

கல்யாணத்துக்கு மாவு இடிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்திருந்த நேரம். பெரியப்பா இடுப்பைத் தடவிப் பார்த்தார். மாடத்தில் பார்த்தார். கூரை எரவாணத்தில் கையை விட்டுப் பார்த்தார். அப்புறம் கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் முன்னால், "எடுத்தவங்க குடுத்துடுங்க" என்றார். உலக்கைகள் நின்றன. அவர் அம்மாவைக் காட்டி, "இவளை விட்டா யாரு பத்தாயத்துப் பக்கம் போறா?" என்றார்.

அம்மா எழுந்து நின்றார். "மாமா, நான் எடுக்கல."

"பொய் சொல்லாத. நெல்லை அள்ளி உங்க அப்பன் வீட்டுக்கு அனுப்புறது எனக்குத் தெரியாதா?"

அம்மா பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்தவர். பெரியப்பா அவரை அதுவரை வெறும் ஒருமையில் பேசியதில்லை, "அம்மா" என்று சேர்த்துத்தான் கூப்பிடுவார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தார். பெரியம்மா மாவைச் சலித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். அம்மா போய்க் கிணற்றடியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சாவிக்கு என்ன ஆயிற்று என்பதை அக்கா என்னிடம் சொன்னது போன வருடம்தான். அது உப்புப் பானைக்குள் இருந்திருக்கிறது. அடுத்த நாள் குழம்புக்கு உப்பு அள்ளும்போது பெரியம்மாவின் கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அக்கா பக்கத்தில் நின்றாள். பெரியம்மா உப்பைத் தட்டிவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "சித்தி எடுக்கலன்னு சொல்லிடலாம்மா" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். "உப்புப் பானையில எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. உங்க அப்பாவுக்குப் பைத்தியம்னு ஊரு சொல்லும். பைத்தியக்காரன் மகளை எவன் கட்டுவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அப்பா அண்ணனிடம் நேராகச் சொல்லிவிட்டார். "இனிமே ஒரே அடுப்பு வேண்டாம்ணே."

"உன் இஷ்டம்" என்றார் பெரியப்பா.

ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். பத்தாயத்தின் பூட்டை உடைத்தார்கள். உள்ளே சம்பா விதை, வைத்தது வைத்தபடி இருந்தது. ஒருவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இது சம்பாதான். அப்ப வயல்ல போட்டது என்னங்க?" என்றார். பெரியப்பா அந்த நெல்லை அதிசயம்போலப் பார்த்தார். "இதை யாரு இங்க வெச்சா?" என்றார்.

"பாருங்க. இப்பவும் நடிக்கிறாரு" என்றார் அப்பா. விதையை விற்கவில்லை என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்த பிறகும், ஒளித்து வைத்திருந்தார் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

கூடத்தின் நடுவில் செங்கல் வைத்து மண் பூசிச் சுவர் எழுப்பினார்கள். நிலமும் பிரிந்தது. அக்காவோடு பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. சுவர் காய்வதற்கு முன் ஒரு மத்தியானம், அப்பா வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா எங்கள் வாசல் வழியாக உள்ளே வந்தார். கையைக் காலைக் கழுவிக்கொண்டு, எப்போதும் உட்காருகிற இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சாப்பாடு போடும்மா" என்றார் அம்மாவிடம். குரலில் ஒரு களங்கமும் இல்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். அப்பா, "உங்க பக்கம் போய்ச் சாப்பிடுங்கண்ணே" என்றார்.

"எங்க பக்கமா?" பெரியப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்தார். ஈரமண் விரலில் ஒட்டியது. "இது என்ன தம்பி? இதை யாரு வெச்சது?"

பெரியம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது யாரையும் பார்க்கவில்லை. "என்ன நெஞ்சழுத்தம்" என்று அம்மா கொல்லையிலிருந்து வந்ததும் சொன்னார். எனக்கு மட்டும், அவர் சுவரைத் தொட்ட விதம் விளையாட்டில்லை என்று பட்டது. பத்து வயதுப் பெண்ணிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

தையில் அக்காவின் கல்யாணம் நடந்தது. நாங்கள் வெளியாட்களைப்போல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பெரியம்மா பயந்ததுபோல் கல்யாணம் நிற்கவில்லை. அக்காவுக்கு நல்ல வாழ்க்கைதான் அமைந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று வருடம் கழித்துப் பெரியப்பா ஒருநாள் காணாமல் போனார். மகளைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்கே போவது என்று தெரியாமல் வெயிலில் நின்றிருக்கிறார். தெரிந்தவர் பார்த்து ஆள் அனுப்பினார். அப்பாதான் போய் அழைத்து வந்தார். வரும் வழியில் பெரியப்பா அப்பாவிடம், "நீங்க யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சுவருக்கு அந்தப் பக்கம் போய் அண்ணனுக்குச் சவரம் செய்துவிட்டு வருவார். டாக்டர், வயசுக் கோளாறு என்றார். அதோடு விட்டார்கள்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. பின்னால் தெரிந்த நோயை முன்னால் நடந்ததோடு யாரும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. வாய்க்கால் பிரிகிற இடத்தில் நின்றது, மம்பட்டி மறந்தது, விதை மாறியது, சாவி, சுவர் எல்லாம் தனித்தனியாகவே இருந்துவிட்டன. பெரியப்பா, பெரியம்மா, அப்பா என்று ஒவ்வொருவராகப் போனார்கள். அம்மா மட்டும் அப்புறமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "நோவு அப்புறம்தான் வந்துச்சு. என்னைத் திருடின்னு சொன்னப்ப அவரு நல்லாத்தானே இருந்தாரு."

அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. தஞ்சாவூரில் என்னோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி எல்லாம் நினைவில் இருக்கிறது.

போன வருடம் அக்காவைப் பார்க்க வேதாரண்யம் போயிருந்தேன். அத்தான் இல்லை, மகன் மஸ்கட்டில். கல்யாணமான நாளிலிருந்து அக்கா தையல் மெஷினை விட்டதில்லை. எனக்கு ஒரு ரவிக்கையில் பிரிந்த தையலைப் போட வேண்டியிருந்தது. மெஷினில் உட்கார்ந்து நூலை எடுத்தாள். மேலே கொக்கியில் மாட்டி, கீழே இறக்கி, மறுபடி மேலே ஏற்றி ஊசிக்குக் கொண்டுவர வேண்டும். பாதியில் அவள் விரல் நின்றது. நூலைப் பிடித்துக்கொண்டு மெஷினையே பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்லி மெஷினை மூடினாள்.

அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிகிறது. ஊசிக் காது அவளை நிறுத்தவில்லை, அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். கூடத்தின் நடுவே காபித் தட்டோடு வந்து நின்ற பெரியம்மாவின் குரல் எனக்குக் கேட்டது. அக்காவின் மகனுக்குப் போன் செய்தேன். "வயசாயிடுச்சுல்ல சித்தி, அப்படித்தான் இருக்கும்" என்றான். நான் விடவில்லை. அக்காவைத் தஞ்சாவூருக்கு அழைத்து வந்தேன்.

டாக்டர் இளம்பெண். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள். என்னை வெளியே போகச் சொல்லாமல், நான் பார்த்ததையும் கேட்டார்.

"மறதின்னு வர்றவங்க எல்லாருக்கும் மறதி நோய்னு இல்லம்மா" என்றார். "தைராய்டு, சத்துக் குறைவு, தூக்கம், மனக்கஷ்டம், எதுவா வேணா இருக்கலாம். சிலதைச் சரி பண்ணிடலாம். பேரு மறக்கிறது பெரிசில்ல. காலங்காலமா செஞ்ச வேலை கைக்கு வரமாட்டேங்குதா, கேட்டதையே கேக்குறாங்களா, குணம் மாறுதா, யார் மேலயாவது சந்தேகம் வருதா, இதையெல்லாம் பாக்கணும். பழைய மாதிரி இல்லையேன்னு வீட்டுல ஒருத்தருக்குத் தோணிச்சுன்னா அதை நம்புங்க."

அக்காவுக்கு அந்த நோயேதான். ஆரம்பம் என்றார். குணமாக்க மருந்து இல்லை, வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம், இப்போதே தெரிந்ததால் ஏற்பாடுகளை அவர்களே யோசித்துச் செய்துகொள்ளலாம் என்றார். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எங்க அப்பா என் சித்தியைத் திருடின்னு சொன்னாரு டாக்டர். அதுவும் இதுலதானா?"

டாக்டருக்கு நான் கதையைச் சொன்னேன். "அப்படித்தான் தெரியுது. பொருளை எங்கயோ வெச்சிட்டு, வெச்சது ஞாபகம் இல்லாதப்ப, யாரோ எடுத்துட்டாங்கன்னுதான் அவங்களுக்குத் தோணும். அவங்களுக்கு அது பொய் இல்ல" என்றார்.

ஆட்டோவில் வரும்போதுதான் அக்கா உப்புப் பானையைப் பற்றி என்னிடம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அம்மாவின் கட்டிலுக்குப் போனாள். எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள். தன் நோயை முதலில் சொன்னாள், அப்புறம் சாவியை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்க அம்மா என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார் கடைசியில்.

"சொன்னா என் கல்யாணம் நின்னிருக்கும்னு பயம் சித்தி."

"நின்னா நின்னுட்டுப் போவுது. வேற மாப்பிள்ளையா கெடைக்காது? நான் ஒருத்தி கூட இருந்திருப்பேன்ல. தனியாவே கெடந்து அல்லாடிப்புட்டா." பிறகு அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?"

"பின்ன."

"அப்ப முதல்ல சாப்பிடு. உன் மவன்கிட்ட சொல்லிட்டியா?"

"அவன் பயந்துடுவான் சித்தி. லீவுல வர்றப்ப சொல்லிக்கலாம்."

"இப்பவே சொல்லு" என்றார் அம்மா.

அக்கா போனை எடுத்தாள். மகனின் பெயரைத் தேட அவளுக்கு நேரமானது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளே கண்டுபிடித்து அழுத்தினாள். அந்தப் பக்கம் அவன் எடுத்ததும், வயலுக்கு ஆள் வரச் சொல்வதுபோல நிதானமாகப் பேசினாள்.

"தம்பி, எனக்கு மறதி நோய் ஆரம்பிச்சிருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உன் சித்தியும் என் சித்தியும் கூடத்தான் இருக்காங்க. நீ பதறாத. நான் தெளிவா இருக்கிறப்பவே சில விஷயம் சொல்லிடுறேன், கேட்டுக்க."